தண்ணீருக்குள் தன் விரிசலைத் தானே மூடும் கான்கிரீட்: சோதித்துப் பார்த்துக் கட்டும் முறை

புதிதாகக் கட்டிய கான்கிரீட் தொட்டியில் முதன்முறை நீர் நிரப்பியதும் சுவரின் வெளிப்பக்கம் மயிரிழை போல ஓர் ஈரக்கோடு தெரியும். சில நாளில் அந்தக் கோட்டின் மேல் வெள்ளையாகப் படியும். இரண்டு மூன்று வாரத்தில் கோடு காய்ந்துவிடும். யாரும் ஒன்றும் பூசியிருக்க மாட்டார்கள். சாதாரண சிமென்ட்டுக்கே உள்ள குணம் இது. கடையில் விற்கும் ‘தானே ஆற்றிக்கொள்ளும்’ பொடிகள் எல்லாம் இந்தக் குணத்தைக் கொஞ்சம் வேகப்படுத்துகின்றன, கொஞ்சம் அகலமான விரிசலுக்கும் நீட்டுகின்றன. அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

நடப்பது இதுதான். சிமென்ட் இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீறிய சுண்ணாம்பு, உள்ளே மிச்சமாக உருவாகிறது. விரிசலுக்குள் நீர் புகுந்ததும் அது கரைந்து வெளியே வருகிறது. நீரில் இருக்கும் பைகார்பனேட்டோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக, கிணற்றுநீர் கொதித்த பாத்திரத்தில் படியும் அதே வெள்ளை உப்பாக, விரிசலின் இரு சுவரிலும் படிகிறது. கூடவே, முதலில் நீர் கிடைக்காமல் வேகாமல் கிடந்த சிமென்ட் துகள்களும் இப்போது நீரைக் குடித்து வீங்குகின்றன. முதல் வாரத்தில் வேலை மளமளவென்று நடக்கும். பிறகு படிந்த உப்பே உள்ளிருந்து சுண்ணாம்பு வருவதைத் தடுப்பதால் வேகம் குறையும்.

ஆகவே மூன்று நிபந்தனைகள்: விரிசல் மெல்லியதாக இருக்க வேண்டும், அசையாமல் இருக்க வேண்டும், நனைந்தே இருக்க வேண்டும். பொடி வாங்கும் காசில் பாதியை விரிசலை மெல்லியதாக வைக்கும் வேலையில் போட்டால் பலன் கூடுதல்.

எவ்வளவு மெல்லியது?

தொட்டிகளுக்கான ஐரோப்பிய விதி, யூரோகோட் 2-இன் 3-ஆம் பகுதி, இதற்கு ஒரு நல்ல அளவுகோல் வைத்திருக்கிறது. நீரின் உயரத்தைச் சுவரின் தடிமனால் வகுக்க வேண்டும். விடை 5 அல்லது அதற்குக் கீழ் என்றால், சுவரை ஊடுருவும் விரிசல் 0.2 மி.மீ. வரை தானே அடைபடும் என்று கொள்ளலாம். விடை 35 அல்லது அதற்கு மேல் என்றால் 0.05 மி.மீ. மட்டுமே. இடைப்பட்டதற்கு நேர்கோட்டுக் கணக்கு. 2.5 மீட்டர் ஆழமும் 150 மி.மீ. சுவரும் கொண்ட சம்ப்புக்கு (நிலத்தடி நீர்த்தொட்டிக்கு) விடை ஏறக்குறைய 16.7, அனுமதி 0.14 மி.மீ. அதே சம்ப்பில் சுவரை 200 மி.மீ. ஆக்கினால் 0.16. அழுத்தம் கூடக்கூட நீர் வேகமாக ஓடிப் படிவை அரித்துக்கொண்டு போகும் என்பதே இதன் காரணம்.

ஒரு விரிசல் 0.2 மி.மீ. என்று கண்ணால் சொல்ல முடியாது. விரிசல் அளவு அட்டை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுத் தடிமன்கள் அச்சிட்ட கண்ணாடித்தாள் அது. விரிசலின் பக்கத்தில் வைத்து, செல்போனை நெருக்கமாகப் பிடித்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஈரத்தில் விரிசல் அகலமாகத் தெரியும். காய்ந்த பரப்பில் அளக்க வேண்டும்.

பொடியை நம்பும் முன் ஒரு வில்லைச் சோதனை

ஐந்தாறு வாரமும் சிறிய செலவும் போதும். கல்லூரித் திட்டப்பணிக்கும் இது பொருந்தும்.

அச்சுக்கு 110 மி.மீ. பி.வி.சி. குழாயை 45 மி.மீ. உயரத் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றிலும் நெடுக்காக ஒரு வெட்டு போட்டு, வெளியே டேப் சுற்றி மூடுங்கள். உள்ளே எண்ணெய் தடவித் தட்டையான கண்ணாடி அல்லது கிரானைட் மேல் வையுங்கள். பிறகு வெட்டைப் பிரித்தால் வில்லை உடையாமல் வரும்.

ஒரு வகைக்கு மூன்று வில்லை. அதற்குச் சிமென்ட் 800 கிராம், 2.36 மி.மீ. சல்லடையில் சலித்த மணல் 2,400 கிராம், தண்ணீர் 360 கிராம், தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் 5 மி.லி. வரை. தண்ணீரையும் தராசில்தான் எடை போட வேண்டும். மணல் ஈரமாக இருந்தால் கணக்கே கெட்டுப்போகும். நூறு கிராம் மணலை வாணலியில் வறுத்து எடை போட்டு, குறைந்த அளவைத் தண்ணீரில் கழித்துக்கொள்ளுங்கள். 5 சதவீத ஈரம் என்றால் 2,400 கிராமில் ஏறக்குறைய 120 கிராம் தண்ணீர் ஏற்கெனவே உள்ளது. மூன்றில் ஒரு பங்கு!

முதல் வகை வெறும் சிமென்ட். இதை விட்டுவிடாதீர்கள், இது இல்லாவிட்டால் சிமென்ட் தானாகச் செய்த வேலைக்கும் பொடியே பெயர் வாங்கிக்கொண்டு போகும். இரண்டாம் வகையில் கிரிஸ்டலைன் பொடி (முதலில் சொன்ன ‘தானே ஆற்றிக்கொள்ளும்’ பொடி), சிமென்ட் எடையில் 1 சதவீதம், அதாவது 8 கிராம். (பையில் வேறு அளவு எழுதியிருந்தால் அதுவே சரி, 0.8 முதல் 2 சதவீதம் வரை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்.) மூன்றாவதாக, விருப்பமிருந்தால், குழந்தைகளின் டயப்பரில் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற உறிஞ்சு பொடி, 0.5 சதவீதம், 4 கிராம்; அது குடித்துவிடும் தண்ணீருக்காகக் கூடுதலாக 50 கிராம் தண்ணீர். அந்தக் கூடுதல் நீர் இல்லையென்றால் கலவை கல்லாகிவிடும். டயப்பரைக் கிழித்து எடுப்பதானால் பஞ்சு சேராமல் சலித்து எடுங்கள்.

மறுநாள் அச்சைப் பிரித்து 7 நாள் தண்ணீரில் போடுங்கள். பிறகு உடைக்க வேண்டும். வில்லையைச் சக்கரம் போல நிறுத்தி, மேலும் கீழும் 6 மி.மீ. கம்பித்துண்டு ஒன்றை வைத்து, பட்டறை வைசில் மெல்ல இறுக்கினால் விட்டத்தோடு இரண்டாகப் பிளக்கும். சுத்தியலால் அடித்தால் விளிம்பு நொறுங்கிச் சோதனை வீண்.

இனி விரிசலின் அகலத்தை நாமே வைக்கலாம். ஓ.எச்.பி. தாள் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன்; ஸ்குரூ கேஜில் ஒருமுறை சரிபாருங்கள். 5 மி.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, பிளந்த முகத்தின் இரு ஓரத்திலும் ஒவ்வொன்று வைத்தால் 0.1, இரண்டிரண்டு வைத்தால் 0.2, மும்மூன்று வைத்தால் 0.3 மி.மீ. துகள்களை ஊதிவிட்டு, இரு பாதியையும் முன்போலவே பொருத்தி, ஹோஸ் கிளிப்பால் இறுக்குங்கள். வில்லையின் பக்கவாட்டில் தெரியும் இரண்டு பிளவுக்கோட்டையும் எம்-சீல் வைத்து அடைக்க வேண்டும். வில்லையின் மேல்முகத்தில் 90 மி.மீ. குழாய்த்துண்டு ஒன்றை 350 மி.மீ. உயரத்துக்கு நிறுத்திச் சுற்றிலும் எம்-சீல். அந்த இடம் காய்ந்திருந்தால்தான் எம்-சீல் பிடிக்கும்; இங்கேதான் பலருக்கும் ஒழுகுகிறது.

குழாயில் 300 மி.மீ. உயரத்தில் கோடு போடுங்கள். நீரை ஊற்றி 10 நிமிடம் ஓட விடுங்கள். உடைத்த தூசி போக வேண்டும், குமிழி வெளியேற வேண்டும். அதன்பிறகு, நீர்மட்டம் கோட்டிலேயே நிற்கும்படி ஊற்றிக்கொண்டே, ஒரு நிமிடத்தில் கீழே விழும் நீரை அளங்கள். இது முதல் நாள் அளவு. பிறகு முழு அமைப்பையும் வாளித் தண்ணீரில் மூழ்கவைத்து, 3, 7, 14, 28-ஆம் நாளில் மறுபடி அளக்க வேண்டும். கிளிப்பைத் தொடவே கூடாது.

வழவழப்பான இரண்டு தட்டுகளுக்கு இடையே என்று கணக்கிட்டால் இந்த அமைப்பில் நிமிடத்துக்கு 0.1 மி.மீ. விரிசலில் 35 மி.லி., 0.2-இல் 280 மி.லி., 0.3-இல் 930 மி.லி. வர வேண்டும். உடைந்த முகம் கரடுமுரடானது என்பதால் இதைவிடக் குறைவாகவே வரும். கூடுதலாக வந்தால் ஒன்று எம்-சீல் ஒழுகுகிறது, அல்லது பட்டை மடிந்திருக்கிறது. இந்த மூன்று எண்களை இன்னொரு முறை பாருங்கள். அகலம் இரண்டு மடங்கானால் நீர் எட்டு மடங்கு. விரிசலைப் பாதியாக்கும் கம்பிவேலை எந்தப் பொடியையும் விட ஏன் மேல் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வழக்கமாகக் காண்பது: 0.1 மி.மீ.-இல் வெறும் சிமென்ட்டே ஓரிரு வாரத்தில் சொட்டாகக் குறையும். 0.2-இல்தான் பொடிக்கும் வெறும் சிமென்ட்டுக்கும் வித்தியாசம் தெரியும். 0.3-இல் பெரும்பாலும் இரண்டுமே முழுதாக அடைக்காது. உறிஞ்சு பொடி போட்ட வில்லையில் முதல் நாளே ஓட்டம் குறைந்திருக்கும். பொடி வீங்கி வழியை மறிக்கிறது, அது படிவு அல்ல. அதன் வலிமை குறைவு என்பதையும் உடைக்கும்போதே கை உணரும், ஏனென்றால் வீங்கிச் சுருங்கிய ஒவ்வொரு துகளும் ஓர் ஓட்டையை விட்டுச் செல்கிறது. சம்ப்புக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

அடைபட்டது உண்மைதானா என்று பார்க்கக் குழாயை 1 மீட்டருக்கு நீட்டி நீரை ஏற்றுங்கள். குமிழியோ அழுக்கோ அடைத்திருந்தால் பிய்த்துக்கொண்டு ஓடும். வெள்ளைப் படிவின் மேல் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு நுரைக்கிறதா என்றும் பாருங்கள், நுரைத்தால் கார்பனேட்.

ஒரு எச்சரிக்கை: 7 நாள் கான்கிரீட்டில் வேகாத சிமென்ட் நிறைய இருக்கும், அதனால் முடிவு அழகாகவே வரும். ஐந்து வருடம் கழித்து வரும் விரிசல் இவ்வளவு சுறுசுறுப்பாக மூடாது. இன்னொரு தொகுதியை 28 நாள் கழித்து உடைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் புரியும்.

பாக்டீரியா, வெல்லம், ரோமானியர்

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹெங்க் யோங்கர்ஸ் உருவாக்கிய முறையில், காரத்தைத் தாங்கும் பேசில்லஸ் வகைப் பாக்டீரியாவின் வித்துகளும் அவற்றுக்கு உணவான கால்சியம் லாக்டேட்டும் துகள்களுக்குள் அடைக்கப்பட்டுக் கலவையில் சேர்கின்றன. விரிசல் வந்து நீர் புகுந்ததும் வித்து விழித்து, உணவைத் தின்று, கார்பனேட்டை விடுகிறது. நல்ல வேலைதான். ஆனால் வித்துகளை அடைப்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. அப்படியே கலவையில் ஊற்றிய பாக்டீரியா, காரத்திலும் இறுகும் சிமென்ட்டின் நெருக்கத்திலும் நாளடைவில் செத்துப்போகும். தயிர், மோர், வெல்லப்பாகு ஊற்றி ‘பயோ கான்கிரீட்’ செய்யலாம் என்பது வெறும் பேச்சு. சிமென்ட் எடையில் 0.1 சதவீதம் சர்க்கரையே இறுகுவதைப் பல மணி நேரம் தள்ளிப்போடும்.

கடுக்காயும் வெல்லமும் சேர்த்த நம் பழைய சுண்ணாம்புக் காரை வேறு பொருள்; அங்கே அவை பொருந்தின. சுண்ணாம்புக் காரையும் மெல்லிய விரிசலைத் தானே அடைக்கும், அதே கார்பனேட்டால். ரோமானியத் துறைமுகங்களின் கடலடிக் கான்கிரீட் இரண்டாயிரம் ஆண்டு நிற்பதற்கு எரிமலைச் சாம்பலும் சுண்ணாம்பும் காரணம் என்பார்கள். அதில் இரும்புக்கம்பியே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தொட்டியில் செய்ய வேண்டியது

கான்கிரீட் எம்30 என்ற வலிமைத் தரத்துக்குக் குறையாமல், தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டாமல், கனமீட்டருக்குச் சிமென்ட் 320 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நீர்த்தொட்டிகளுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 3370, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கேட்பது இதைத்தான். 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர் தண்ணீர், மணல் ஈரமும் அதற்குள் அடக்கம். கலவை ஓடவில்லை என்று கொத்தனார் ஒரு வாளி ஊற்றினால் இதுவரை சொன்ன எல்லாம் போயிற்று. பிளாஸ்டிசைசர் ஊற்றச் சொல்லுங்கள்.

கம்பி: 16 மி.மீ. கம்பியை 300 மி.மீ. இடைவெளியில் கட்டினாலும் 10 மி.மீ. கம்பியை 115 மி.மீ. இடைவெளியில் கட்டினாலும் இரும்பின் அளவு ஏறக்குறைய ஒன்றே. முதலாவதில் சில அகல விரிசல், இரண்டாவதில் பல மெல்லிய விரிசல். நமக்கு வேண்டியது இரண்டாவது. வரைபடத்தில் மாற்றும் முன் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள்.

கிரிஸ்டலைன் பொடி 1 சதவீதம் என்றால் மூட்டைக்கு 500 கிராம். உலர்ந்த பொடியை ஈரக் கலவையில் தூவினால் உருண்டை உருண்டையாகத் திரளும். கலக்கும் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துக் கரைத்துப் பாலாக்கி ஊற்றுங்கள். எடுத்த தண்ணீரை 22.5 லிட்டரில் கழிக்க மறக்க வேண்டாம். சிமென்ட் எதுவானாலும் சரி. சாம்பல் கலந்த பி.பி.சி. சுண்ணாம்பைத் தின்றுவிடுவதால் கார்பனேட் குறையும். ஆனால் மெல்ல வேகும் துகள் நீண்ட நாள் உள்ளே மிச்சமிருக்கும். இரும்பாலைக் கசடு கலந்த சிமென்ட்டும் அப்படியே. இரண்டுக்கும் க்யூரிங் 14 நாள் கட்டாயம்.

சம்ப் ஒழுகுவது பெரும்பாலும் சுவரின் நடுவில் அல்ல, தரையும் சுவரும் சேரும் ஒட்டில். அங்கே எந்தப் பொடியும் காப்பாற்றாது, ஏனென்றால் அது விரிசல் அல்ல, ஒட்டாத இரண்டு கான்கிரீட். தரைக் கான்கிரீட் இறுகும் முன் ஒட்டுப்பரப்பைக் கீறி, மறுநாள் சிமென்ட் பால் படலத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ஜல்லி தெரிய வையுங்கள். நடுவில் வீங்கும் பட்டை பதியுங்கள். இதுவும் ஒருவகையில் தானே ஆற்றிக்கொள்ளும் பொருள்தான், நீர் பட்டதும் வீங்கி வழியை அடைக்கும். பட்டைக்கு இரு பக்கமும் குறைந்தது 75 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும் (150 மி.மீ. சுவரில் அதற்கு இடம் போதாது). ஓரமாக வைத்தால் வீங்கும் விசை சுவரின் விளிம்பையே பெயர்த்துவிடும். கான்கிரீட் போடும் முன் மழையில் நனைந்த பட்டை ஏற்கெனவே வீங்கி முடிந்தது, தூக்கிப் போடுங்கள். பென்டோனைட் (நீரில் வீங்கும் களிமண்) பட்டை உப்புநீரில் சரியாக வீங்காது. கடலோரத்தில் உப்புநீருக்கென்று சொல்லி விற்கும் ரப்பர் பட்டையைக் கேட்டு வாங்க வேண்டும். வைப்ரேட்டர் எட்டாத ஒட்டில் கான்கிரீட் தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக நின்றுவிட்டால் பட்டையும் வீண்.

நிரப்புவது ஒரு வேலை

ஒரே இரவில் மோட்டாரைப் போட்டு நிரப்பாதீர்கள். நாளுக்கு 1 மீட்டர் நல்லது, 2 மீட்டரை எந்த நிலையிலும் தாண்ட வேண்டாம். நிரம்பியதும் 7 நாள் கான்கிரீட் உறிஞ்ச விடுங்கள். அந்த வாரத்தில் மட்டம் குறைவதைக் கசிவு என்று எண்ண வேண்டாம். அடுத்த 7 நாள் கோடு போட்டுக் கவனியுங்கள். பக்கத்தில் நீர் நிரப்பிய வாளி ஒன்றை வைத்தால் ஆவியானது எவ்வளவு என்று தெரியும்.

மெல்லிய கசிவு தெரிந்தால் எல்லோரும் செய்யும் தவறு, உடனே தொட்டியைக் காலிசெய்து பூச்சு போடுவது. காலியான சுவர் காய்ந்து சுருங்கும், விரிசல் அகலும், தொடங்கிய படிவும் நின்றுவிடும். 0.15 மி.மீ.-க்கு உட்பட்ட கசிவென்றால் நீர்மட்டத்தை அப்படியே வைத்து மூன்று வாரம் பொறுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். பாத்திரத்தில் வெள்ளை படியும் கடினமான கிணற்றுநீரில் விரிசல் சீக்கிரம் அடையும். மழைநீரும் ஆர்.ஓ. நீரும் எதிர், பைகார்பனேட் இல்லாததால் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போகுமே தவிரப் படியவிடாது. மழைநீர் சேமிப்புத் தொட்டியை முதல் மூன்று வாரம் கிணற்றுநீரில் நிரப்பி வைத்துவிட்டுப் பிறகு மழைநீருக்கு விடுங்கள். எந்தத் தொட்டியானாலும் முதல் நிரப்பில் காரம் ஏறியிருக்கும். குடிக்கவோ மீனுக்கோ அந்த நீர் ஆகாது.

மூன்று வாரத்துக்குப் பிறகும் ஒழுகினால்

அளவு அட்டையை வையுங்கள். 0.3-க்கு மேல் என்றாலும், காலையில் ஒழுகி மதியம் நின்று மறுபடி ஒழுகினாலும், தானே மூடும் என்று காத்திருப்பதில் பயனில்லை. இரண்டாவது வகை வெயிலுக்கு அசையும் விரிசல். கார்பனேட் கண்ணாடி போல; ஒவ்வொரு அசைவுக்கும் உடையும். அங்கே வளையும் தன்மையுள்ள பாலியூரித்தேன் ஊசிமருந்து போல் செலுத்துவதே வழி.

அசையாத அகல விரிசலை 25 மி.மீ. அகலம், 25 முதல் 40 மி.மீ. ஆழம் வரை ‘ப’ வடிவில் வெட்டுங்கள். ஆங்கில ‘V’ வடிவில் வெட்டினால் அடைப்பு ஆப்பு போல வெளியே தள்ளப்படும். நீர் ஓடிக்கொண்டிருந்தால் மூன்று நிமிடத்துக்குள் இறுகும் பிளக் சிமென்ட்டைக் கையில் உருட்டி, சூடு ஏறத் தொடங்கும்போது அழுத்திப் பிடியுங்கள். முன்னாலேயே அழுத்தினால் கரைந்து போகும், தாமதித்தால் ஒட்டாது. ரப்பர் கையுறை கட்டாயம். அதன்மேல் கிரிஸ்டலைன் பொடி 5 பங்கு, தண்ணீர் 2 பங்கு என்று கிண்ணத்தால் அளந்து குழைத்து, ஈரச் சுவரில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 0.8 கிலோ வீதம் இரண்டு கோட்டு. மூன்று நாள் நீர் தெளித்து ஈரமாக வையுங்கள். பெயின்ட்டோ பழைய பூச்சோ இருக்கும் சுவரில் இது ஒட்டுமே தவிர உள்ளே போகாது.

கடல்நீரில் கணக்கு வேறு. அதில் உள்ள மக்னீசியம் புரூசைட்டாகவும் (மக்னீசியம் ஹைட்ராக்சைடு) கால்சியம் அராகனைட்டாகவும் (கால்சியம் கார்பனேட்டின் ஒரு வடிவம்) சீக்கிரமே படிந்து விரிசலை வெள்ளையாக மூடும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் மூடுவதற்குள் குளோரைடு கம்பியைத் தொட்டிருக்கும். கசிவு நின்றதும் துரு தொடங்கியதும் ஒரே வாரத்தில் நடக்கலாம். இறால் பண்ணைத் தொட்டியிலும் படகுத்துறைத் தூணிலும் வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் பழுப்பு நிறம் தெரிகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். தெரிந்தால் அந்த இடத்தைக் கொத்திக் கம்பியைத் திறந்துதான் ஆக வேண்டும்.